என் மனைவி இயந்திரம் அல்ல: ஒரு மேல்முறையீடு

அனுப்புநர்:
சூ. பேட்ரிக்,
தரப் பரிசோதனை மேற்பார்வையாளர் (ஓய்வு),
ஜெலுத்தோங், பினாங்கு.

பெறுநர்:
திரு. புவனேஸ்வரன்,
நிர்வாகி, ‘தீவுத் தூரிகை’ முகநூல் ஓவியக் குழு,
ஜார்ஜ் டவுன்.

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் குழுவிலுள்ள ஆயிரக்கணக்கான ஓவியர்களும், அவர்களுள் திருமதி காமினி அவர்களும்கூட, நோய்நொடியில்லாமல் நீடு வாழ எங்கள் ஆண்டவரை வேண்டிக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். காமினி அம்மையாரின் பெயர் வந்த இடத்தில் மட்டும் என் செபத்தின் சத்தம் கொஞ்சம் குறைந்துவிட்டது. பொய் சொல்லி ஒரு மேல்முறையீட்டைத் தொடங்கக் கூடாது என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

கடிதத்தைக் கையால் எழுதியிருக்கிறேன். வழக்கே கைவேலையைப் பற்றியது என்னும்போது தட்டச்சு செய்து அனுப்பினால், இதையும் இயந்திரம் எழுதியது என்று உங்கள் குழுவில் யாராவது கிளம்பிவிடுவார்கள். முதல் பக்கத்தின் மூலையில் இருக்கும் பழுப்பு வட்டம் என் கோப்பிக் கோப்பையின் அடிப்பாகம். அதைத் துடைக்காமல் சாட்சியாக விட்டுவைத்திருக்கிறேன். அடித்தல் திருத்தல்களுக்கும் அதே காரணம்தான், தமிழ் தெரியாததால் அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை என் மனைவி ரோசலினைத் தங்கள் குழுவிலிருந்து நீக்கினீர்கள். வரும் சனிக்கிழமை ஆர்மீனியன் தெருக் கடைவீட்டு மாடியில் நீங்கள் நடத்தப்போகும் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்த அவளுடைய ‘சாதிக்கின் கடையில் பகல் சாப்பாடு’ என்ற ஓவியத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ‘இயந்திரம் உருவாக்கிய படத்தைக் கைவண்ணம் என்று கூறிப் பகிர்ந்தமை’ என்று காரணம் எழுதி என் கைபேசிக்கு அனுப்பினீர்கள். நான் அதை அடுப்படியில் நின்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, “சரி” என்றாள். அவ்வளவுதான். ரோசலின் சரி என்று சொன்னால் எதுவும் சரியில்லை என்று பொருள். கையைக் கழுவினாள், தூரிகைகளையெல்லாம் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள், நாற்காலி போட்டு ஏறி அந்த டின்னை அலமாரிக்கு மேலே, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த நட்சத்திரத்தை நாங்கள் வருஷத்துக்கு ஒரு முறைதான் எடுப்போம். டின்னை எப்போது எடுப்பாள் என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. அந்த டின் கீழே இறங்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு வேறு கோரிக்கை கிடையாது.

ஐயா என்று எழுத ஆரம்பித்தேன், ஆனால் முகநூலில் உங்கள் படத்தைப் பார்த்தால் என் மகள் ஷேரனைவிடச் சின்னவராகத் தெரிகிறீர்கள். ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, வழக்காடுகிறவன் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜுருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். என்னைத் தாண்டிக் குறையுள்ள ஒரு சில்லு அமெரிக்காவுக்கும் போனதில்லை, ஜப்பானுக்கும் போனதில்லை. எங்கள் பிரிவில் ஒரு வேதம் உண்டு: பொருளைப் பார்க்காதே, திரையைப் பார். வெறுங்கண்ணால் பொருளைப் பார்ப்பவன் ஏமாறுவான், பெரிதாக்கித் திரையில் பார்ப்பவன் ஏமாற மாட்டான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சில்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், விரலில் தட்டித் திரையைக் காட்டுவேன். அப்படிப்பட்ட கண் கொண்டவனுடைய வீட்டிலிருந்து போலிச் சரக்கு வெளியே போயிருக்கும் என்று நீங்கள் எப்படித்தான் நம்பினீர்களோ.

ரோசலின் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே தூரிகையை எடுத்தாள். முதல் வருஷம் பப்பாளி வரைந்தாள். எல்லாப் பப்பாளியும் மீனைப் போலவே இருந்தன, நான் நன்றாயிருக்கிறது என்றேன். அடுத்த வருஷம் மீன் வரைந்தாள், அதுவும் மீனைப் போல இருந்தது, அப்போதே எனக்கு இவள் எங்கேயோ போகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. இந்த வருஷம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சாதிக்கின் நாசி கண்டார் சோற்றுக் கடையை வரைய வேண்டும் என்றாள். பகல் நேரத்தில் போய் மூலை மேசையில் உட்கார்ந்து வரைவாள். அவளுக்குத் துணையாக நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவேன். சும்மா உட்கார்ந்தால் கடைக்காரருக்கு நட்டம் அல்லவா. சோற்றின் மேல் நாலு குழம்பையும் வெள்ளமாக ஊற்றச் சொல்லி, கணவாய் மீனும் வைத்து, அவள் படம் முடியும்வரை ஒவ்வொரு முறையும் சாப்பிட்டேன். என் கொலஸ்ட்ரால் ஏறியது அந்த ஓவியத்தால்தான். கலைக்காக நான் செய்த தியாகத்தை உங்கள் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.

எங்களுக்குள் வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. “வரையிறது என் வேலை, ஊருக்குக் காட்டுறது உங்க வேலை, அந்த போனை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வராதீங்க” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். உங்கள் குழுவில் ரோசலின் பேட்ரிக் என்ற பெயரில் கணக்கு திறந்ததும், படம் எடுத்துப் போட்டதும், விருப்பக்குறி போட்டவர்களுக்கெல்லாம் பூங்கொத்துப் படம் அனுப்பி நன்றி சொன்னதும் நான்தான். அவள் இதுவரை உங்கள் குழுவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு அடக்கமான ஒரு ஓவியரை உங்கள் குழுவில் வேறு யாரையாவது காட்ட முடியுமா, சொல்லுங்கள்.

படம் எடுத்துப் போடுவதிலும் நான் அலட்சியமாக இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சட்டையை இஸ்திரி போடாமல் உடுத்த மாட்டோம், அதுபோலப் படத்தையும் அலங்காரம் செய்யாமல் வீட்டைவிட்டு வெளியே அனுப்ப மாட்டோம். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் என் அம்மா என்னைப் பினாங்கு ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். என் கன்னத்துப் பருவை எடுத்து, நிறத்தை ஏற்றி, மூக்கையும் கேட்காமலே கொஞ்சம் ஒடுக்கிக் கொடுத்தார். அந்தப் படம்தான் சிம்பாங் அம்பாட்டுக்குப் போய் ரோசலினை எனக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து படத்துக்கு அலங்காரம் அவசியம் என்பது என் நம்பிக்கை. இப்போது அந்த வேலையைக் கைபேசியே செய்துவிடுகிறது. என் அண்ணன் மகன் டெரன்ஸ் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் எனக்கு ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். படத்தை எடுத்துவிட்டு அதில் தங்க நட்சத்திரம் மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வெளிச்சம் கூடும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் தட்டாத படத்தை யாரும் அனுப்புவதில்லை. சாதிக்கின் கடை ஓவியத்தையும் தட்டித்தான் போட்டேன். சும்மா சொல்லவில்லை தம்பி, கைபேசியில் பார்த்தபோதுதான் ரோசலினின் திறமை எனக்கே முழுதாக விளங்கியது. தாளில் தெரியாத எத்தனையோ விஷயங்கள் அதில் தெரிந்தன.

உங்கள் குழுவின் சந்தேகத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாததல்ல. போன வருஷக் கடைசியில் ஒருவர் ‘என் கையால் தீட்டிய பழைய ஜார்ஜ் டவுன்’ என்று தினம் ஒரு படம் போட்டார். எல்லாரும் புகழ்ந்தோம், சிலர் காசு கொடுத்து வாங்கினார்கள். கடைசியில் பார்த்தால் அவர் வரைந்த திரிஷா என்ற மூன்று சக்கர வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவில் இன்னொரு திரிஷா. எல்லாம் இயந்திரம் போட்ட படங்கள். அன்றைக்கு ‘வெட்கம்’ என்று முதலில் எழுதியவன் யார் என்று பின்னால் போய்ப் பாருங்கள். நான்தான். ‘கைவேலை என்று பொய் சொல்பவர்களுக்கு மன்னிப்பே கூடாது’ என்று எழுதியதும் நான்தான், அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பக்குறி விழுந்தது. காமினி அம்மையாரும் அதற்கு இதயம் போட்டிருந்தார். அதே அம்மையார்தான் என் மனைவியின் படத்தின் கீழே வந்து நின்றார்.

அவர் எழுதியது மூன்று குற்றச்சாட்டு. சாதிக்கின் கையில் இருக்கும் கரண்டி கையிலிருந்தே முளைத்தது போல இருக்கிறதாம். சாப்பிடுகிற ஐந்து பேருக்கும் ஒரே முகமாம். நீர்வண்ணம் என்றால் தாளின் சொரசொரப்பு தெரிய வேண்டும், இதில் அது எங்கே என்று கேட்டிருந்தார். தரப் பரிசோதகன் ஒரு புகாரை விசாரிக்காமல் தள்ள மாட்டான். அன்று பகலே சாதிக்கின் கடைக்குப் போனேன். சாதிக் பெரிய கரண்டியோடு நின்றிருந்தார். கையைக் காட்டச் சொன்னேன்.

“என்னாண்ணே, கையில என்ன?”

“கரண்டி முளைச்சிருக்காம்.”

“முளைச்சா நல்லாத்தான் இருக்கும்லா, தினம் கழுவுற வேலை மிச்சம்” என்றார். கைபேசியை வாங்கிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “இது நானாண்ணே? வயித்தைக் காணோமே. அக்கா ரொம்ப நல்லா வரைஞ்சிருக்காங்க, நம்ம வீட்டுக்காரிக்கு அனுப்பி விடுங்க” என்றார். வரையப்பட்டவரே ஏற்றுக்கொண்டபின் மற்றவர்களுக்கு என்ன பேச்சு? ஒரே முகம் என்ற புகாரையும் விசாரித்தேன். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள். மிச்சம் இரண்டு பேர் அவர்களுடைய உறவாக இருக்கலாம். தாளின் சொரசொரப்பு தெரியவில்லை என்றால், அவள் அவ்வளவு நைசாக வண்ணம் பூசியிருக்கிறாள் என்பதைத் தவிர வேறென்ன? இந்த மூன்று பதிலையும் அன்றே குழுவில் எழுதினேன். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள்தான் விழுந்தன.

பிறகு நீங்கள், தம்பி, நியாயமாக ஒன்று கேட்டீர்கள். ஓவியம் எப்படி உருவானது என்பதற்குப் படிப்படியான படங்கள் இருந்தால் அனுப்பச் சொன்னீர்கள். என்னிடம் இருந்தன. வரைய ஆரம்பித்த அன்று வெறும் பென்சில் கோடுகளாக இருந்த தாளையும் நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை முறைப்படி நட்சத்திரம் தட்டி அனுப்பினேன். ‘முதல் நாளே முழுப் படமும் வண்ணத்தோடு முடிந்திருக்கிறதே, அங்கிள்’ என்று பதில் போட்டீர்கள். நானும் பார்த்தேன், உண்மைதான், முடிந்துதான் இருந்தது. சில பேருக்குப் பென்சில் கோட்டிலேயே வண்ணம் தெரியும், அதற்குத்தான் திறமை என்று பெயர் என்று எழுதினேன். அதற்கும் சிரித்த முகங்கள்.

அடுத்து நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. ரோசலின் மேசையில் உட்கார்ந்து தூரிகையோடு இருக்கும் படம் ஒன்றை அனுப்பினேன். நல்ல படம், அதையும் தட்டித்தான் அனுப்பினேன். உங்கள் உறுப்பினர் ஒருவர் ‘யார் இந்த இளம்பெண்?’ என்று கேட்டார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் மனைவி, எங்களுக்குத் திருமணமாகி வெள்ளிவிழாவும் தாண்டிவிட்டது என்று பெருமையாக எழுதினேன். உடனே காமினி அம்மையார் வந்து, அந்தப் பெண்ணின் ஒரு காதில் தோடு காதோடு கரைந்திருக்கிறது, கழுத்துச் செபமாலை பாதியில் சங்கிலியாக மாறுகிறது, இந்த அம்மாவே இயந்திரம் செய்ததுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். தம்பி, அவள் என் மனைவி. பீடத்துக்கு முன்னால், ஃபாதர் சாட்சியாக, சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்த அவளுடைய சனங்கள் சாட்சியாக, நான் கைபிடித்தவள். எனக்கு டெங்கி வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கியவள். முகநூலில் மூன்று பேர் கைதூக்கி அவள் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன். நீ இயந்திரமாம் என்று எந்தக் கணவன் சொல்வான்.

கடைசி வாய்ப்பாக, எல்லாரும் பார்க்கும்படி நேரலையில் வரைந்து காட்டச் சொன்னீர்கள். ரோசலின் முதலில், “நான் என்ன சர்க்கஸா காட்டுறேன்?” என்றாள். அரை நாள் கெஞ்சி சம்மதிக்க வைத்தேன். அன்றைக்கு மழை, கூடத்தில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தோம். என் பனியன்கள் தொங்குவதை ஆயிரம் பேருக்குக் காட்டுவது மரியாதையா? கைபேசியில் பின்னணியை மாற்றும் வசதி இருந்தது, பினாங்குப் பாலத்தைப் போட்டேன். அது துணிகளை மட்டும் மறைக்கும் என்று நினைத்தேன். அவள் வரைந்த தாளையும் அது துணி என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. நீங்கள் பார்த்ததெல்லாம், நடுக்கடலில் உட்கார்ந்து ஒரு பெண் பாலத்தின் மேல் தூரிகையை ஆட்டியதும், அவ்வப்போது அவளுடைய முழங்கை காணாமல் போய்த் திரும்பி வந்ததும்தான். அதற்கு முன்னால் நான் அவளை அறிமுகப்படுத்திப் பேசியது கொஞ்சம் நீண்டுவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பப்பாளி காலத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முழங்கை காணாமல் போனதற்காக ஒரு மனுஷியைக் குழுவைவிட்டே நீக்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறேன்.

ஆகவே தம்பி, என் கோரிக்கைகள் சுருக்கமானவை. ரோசலினை உடனே திரும்பச் சேர்க்க வேண்டும். தேர்வுக் குழு வாயாரப் புகழ்ந்து தேர்ந்தெடுத்த அந்தப் படத்துக்குச் சனிக்கிழமை சுவரில் இடம் தர வேண்டும். காமினி அம்மையார், என் மனைவி மனுஷிதான் என்று, குறைந்தது இரண்டு வரியில், எல்லாரும் பார்க்க எழுத வேண்டும். முப்பது வருஷம் குறை கண்டுபிடித்தே பிழைத்தவன் சொல்கிறேன், அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை.

தங்கள் குழு மேன்மேலும் வளரவும், தங்களுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையவும் (முகநூலில் ‘தனியாள்’ என்று பார்த்தேன்), உங்கள் சாமியும் எங்கள் சாமியும் சேர்ந்து துணை நிற்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஓவியரின் கணவன் என்று சொல்லிக்கொள்வதில் தலை நிமிர்ந்து நிற்கும்,
சூ. பேட்ரிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கோலாலம்பூரிலிருந்து என் மகள் ஷேரன் வந்துவிட்டாள். அங்கே கணினி சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறாள். எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் நட்சத்திரம் பற்றிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“அப்பா, எந்த பட்டன்? காட்டுங்க.”

காட்டினேன்.

“இது வெளிச்சம் கூட்டுற பட்டன் இல்லப்பா. நீங்க குடுக்குற படத்தைப் பார்த்துட்டு அதுவே புதுசா ஒண்ணு வரைஞ்சு குடுக்குது. நீங்க இவ்ளோ நாளா போட்டதெல்லாம் அம்மா வரைஞ்சதே இல்ல.”

நான் நம்பவில்லை. அவள் எழுந்து போய், கூடத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் கைபேசியை வைத்தாள். தம்பி, படம் அந்தச் சுவரில் மாதக்கணக்காகச் சாய்ந்து கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறேன். படம் பிடித்த அன்றுகூட நான் திரையைத்தான் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தேன். சாதிக்குக்கு வயிறு இருக்கிறது. கரண்டி விரல்களுக்கு நடுவில் ஒழுங்காக இருக்கிறது, அதிலிருந்து குழம்பு சொட்டுகிறது. தாளின் சொரசொரப்பு தடவினால் கையில் படுகிறது. ஐந்து பேருக்கும் ஐந்து முகம். அதில் கடைசி மேசையில் ஒருவர், தட்டின் மேல் குனிந்து, முழங்கையை ஊன்றி, சட்டையில் குழம்புக் கறையோடு, உலகத்தையே மறந்து கணவாயைக் கடித்துக்கொண்டிருக்கிறார். யாரடா இந்தப் பெரிய மூக்குக்காரர் என்று பார்த்தேன். நான்தான்.

ரோசலின் அடுப்படி வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தையும் ஷேரன் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள், அவள் இயந்திரம் என்று தீர்ப்பான பகுதி உட்பட. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். “என் படத்தை இன்னும் அங்க யாருமே பார்க்கல. அவங்க புகழ்ந்தது, எடுத்தது, துரத்துனது எல்லாம் உங்க பட்டனைத்தான்” என்றாள். நான் கைபேசியை எடுத்து ஷேரனிடம் கொடுத்தேன். ரோசலின் தொடர்ந்து சொன்னாள்: “கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்கு வந்த போட்டோவிலயும் மூக்கைச் சின்னதாக்கித்தான் அனுப்புனீங்க. நீங்க நேர்ல வந்து உக்காந்தப்போ எங்க அண்ணன் எங்காதுல, போட்டோவும் ஆளும் வேற வேறயா இருக்கே, என்ன சொல்றன்னு கேட்டாரு. நான் மூக்கைப் பார்த்துட்டுத்தான் சரின்னேன்.”

இத்தனை வருஷத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. ரோசலினின் சரிகளைப் பற்றி மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சரி, சரிதான்.

ஆகவே தம்பி, மேலே நான் எழுதிய அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வாழ்த்துப் பகுதியைத் தவிர. நீக்கம் நியாயமானது, ஆனால் நீக்க வேண்டியது அவளை அல்ல, என்னை. மன்னிப்பே கூடாது என்று எழுதியவனும் நான்தான், அதனால் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். காமினி அம்மையாருக்காக இன்னொரு முறை வேண்டிக்கொண்டேன், இந்த முறை சத்தம் குறையவில்லை. அவர் எங்கள் தொழிற்சாலையில் இருந்திருக்க வேண்டியவர்.

சனிக்கிழமை காலையில் ஓவியத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நானே ஆர்மீனியன் தெருவுக்குக் கொண்டுவருகிறேன். கைபேசி ஷேரனிடம் இருக்கும். பஸ்ஸில்தான் வருகிறேன், மழை பெய்தால் கொஞ்சம் தாமதமாகலாம். நீங்களும் காமினி அம்மையாரும் அதை வெளிச்சத்தில் வைத்து வெறுங்கண்ணால் பாருங்கள். பிடித்தால் மாட்டுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள், கூடத்தில் அதற்கு ஆணி அடித்தாகிவிட்டது. ரோசலினும் வருகிறாளா என்று கேட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் நாற்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுக்கிற சத்தம் கேட்டது, இப்போது பிஸ்கட் டின் மேசையில் என் முன்னால் திறந்து கிடக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். படத்தில் கடைசி மேசைக்காரரின் மூக்கு பெரிதாகத்தான் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும்.